இலவசக் குடையின் விலை
(சங்கத்தின் ஆண்டு விழாவில், நூல் வெளியீட்டின்போது ஆற்றிய உரை)



சந்தைப் போட்டியையும் பெருங்குழுமங்களின் ஆதிக்கத்தையும் ஆராய்ந்து நம் சங்கத்து அன்பர்கள் இருவர் கூடி எழுதிய நூல் இன்று வெளிவருகிறது. பேராசிரியர் ஒருவர் செய்யவேண்டிய இப்பணியை, பள்ளியிறுதி வகுப்போடு கல்வியை நிறுத்திக்கொண்ட இரயில்வே குமாஸ்தாவாகிய நம்மிடம் சங்கத்தார் ஒப்படைத்துள்ளனர். சரக்குக் கட்டணப் பட்டியலோடு நெடுநாள் பழகிய உரிமை ஒன்றே நம் தகுதி.

நூலின் பொருள் தமிழருக்குப் புதிதன்று. தூத்துக்குடியில் நிகழ்ந்து, இக்கொல்கத்தாவோடும் தொடர்புடைய ஒரு வரலாற்றை நினைவூட்டுவோம்.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்கள் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி. அது 1856இல் கல்கத்தா–பர்மா கப்பல் கம்பெனி என்ற பெயரில் தோன்றியது. இந்நகரத்து மக்கின்னன் மக்கன்சி வணிக இல்லத்தார் அதன் முகவர்களாக இருந்து நடத்தினர்.

சுதேசிக் கப்பல் ஓடியதும் வெள்ளையர் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது; சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. உடனே அவர்கள் இலவசமாகவே ஏற்றிச் சென்று, கையில் குடையும் கொடுத்தனர் என்பர். பல கடல்களில் கப்பல் ஓட்டுவோர் ஒரு வழியில் கண்ட நட்டத்தை மற்ற வழிகளின் இலாபத்தால் ஈடுசெய்யலாம். ஒரே வழியை நம்பியவரால் அது இயலுமோ?

பண பலத்தோடு அரசின் பலமும் சேர்ந்தது. வங்கத் தலைவர் விபின சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடியதை ஒட்டி, 1908 மார்ச் 12இல் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். அரச நிந்தனை வழக்கில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 டிசம்பரில் அவர் சிறையினின்று வெளிவந்தார். ஆனால் அவருடைய கம்பெனி 1911லேயே கலைக்கப்பட்டிருந்தது.

அன்று குடையைப் பெற்ற ஏழைப் பயணியைக் குறைகூற நாம் துணியோம். கூலி வேலைக்குக் கடல் கடப்பவனுக்கு எட்டணா பெருந்தொகை. ஆயினும், அக்குடையின் விலையைப் பின்னால் வரும் பயணிகளே தருவர். எதிராளி இல்லாத துறைமுகத்தில் இலவசம் நிலைப்பதில்லை.

போட்டியை ஒடுக்க வேறொரு வழியும் உண்டு. அதற்கும் இந்நகரம் சாட்சி. இங்கிலாந்துக்கும் கல்கத்தாவுக்கும் இடையே கப்பல் ஓட்டிய கம்பெனிகள் 1875இல் ஒன்றுகூடிக் கட்டணத்தை ஒரே அளவாக்கின. 1877இல் மற்றொரு சூழ்ச்சியும் செய்தன. வணிகர் செலுத்திய கட்டணத்தில் ஒரு பகுதியை உடனே தள்ளாமல் தம்மிடமே வைத்துக்கொண்டு, அவ்வணிகர் வேறு கப்பலை நாடாதிருந்தால் மட்டும் பின்னர்த் திருப்பித் தந்தன. தள்ளுபடியே விலங்காயிற்று.

இரயில்வேயில் இத்தகைய இரகசியச் சலுகைக்கு இடமில்லை. ஒருவருக்கு முறையற்ற முன்னுரிமை தரலாகாது என்று 1890ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. 1989ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. கட்டணப் பட்டியல் அனைவர்க்கும் பொது. இதன் அருமையை அமெரிக்கர் பட்டறிந்தனர். அங்கே இரயில் கம்பெனிகள் தந்த மறைமுகச் சலுகையால் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் போட்டியாளரை வீழ்த்திப் பெருத்தது. 1911இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனை உடைக்க ஆணையிட, அது 34 நிறுவனங்களாயிற்று. சுதேசிக் கம்பெனி மறைந்ததும் அதே 1911! அங்கே வலியாரைத் தடுக்கச் சட்டம் இருந்தது. இங்கே எளியாரைக் காக்க ஒரு சட்டமும் இல்லை.

விடுதலைக்குப் பின் நம் நாடும் விழித்தது. 1964இல் நீதிபதி குலத சரண் தாஸ் குப்தா தலைமையில் ஏகபோக விசாரணைக் குழு அமைந்தது. 1969இல் ஏகபோகத் தடுப்புச் சட்டமும், 2002இல் போட்டிச் சட்டமும் பிறந்தன. ஆதிக்கம் பெற்ற நிறுவனம் எதிராளியை ஒழிக்கும் நோக்கத்தோடு அடக்கவிலைக்கும் கீழே விற்பதை இன்று சட்டம் தடுக்கிறது. வ.உ.சி.யின் காலத்தில் இல்லாத கேடயம் இது.

ஆயினும் கேடயம் தானே போரிடாது. இன்று கைப்பேசியைத் தொட்டால் பாதி விலையில் பொருள் வாசலுக்கு வருகிறது. அப்படி விற்கும் அமேசான், பிளிப்கார்ட் நிறுவனங்களின் நடைமுறைகளை விசாரிக்க 2020 ஜனவரியில் போட்டி ஆணையம் உத்தரவிட்டது. மலிவு என்பதனாலேயே ஒன்று தீதாகிவிடாது. திறமையாலும் சிக்கனத்தாலும் பிறந்த மலிவு நாட்டிற்கு நன்மை. அண்டைக் கடையை மூடுவதற்கென்றே பிறந்த மலிவு, மூடிய மறுநாள் மறைந்துவிடும். இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பிப்பதே இந்நூலின் பயன்.

லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் அப்பளமும் காப்பித்தூளும் விற்கும் சிறு கடைகளால்தான் நம் குடும்பங்கள் வங்கத்திலும் தமிழ்ச் சமையலை மறவாது வாழ்கின்றன. மாதக் கடைசியில் கடன் தருவோரும் அவர்களே. நான்கு காசு மிச்சம் என்று நாம் அனைவரும் ஒரே வாசலில் போய் நின்றால், நாளை அவ்வாசலில் பேரம் பேச நமக்கு நா இராது. தாய்மார்களே! வீட்டு வரவுசெலவு உங்கள் கையில் உள்ளது. சாமான் பட்டியல் எழுதும் வேளையில் இதனை ஒருகால் எண்ணிப் பாருங்கள்.

இருவர் உழைப்பால் விளைந்த இந்நூலை இல்லந்தோறும் வாங்கிப் படிக்க வேண்டுகிறோம்.