ஒரே குடில், வேறு ருசி

கோவில்பட்டிக் கரிசலில் தக்காளி புளித்தால் மழையைக் குறை சொல்லலாம், மண்ணைச் சொல்லலாம். பசுமைக்குடிலில் அந்தச் சாக்கு செல்லாது. ஒரே தண்ணீர், ஒரே உரம்; அப்படியும் அடுத்தடுத்த பாத்தியில் ஒரு செர்ரி தக்காளி ரகம் இனிக்கும், இன்னொன்று புளிக்கும். வித்தியாசம் விதையில்.

2012-இல் வெளியான ஓர் ஆய்வு சுவாரசியமானது. சில தக்காளிக் காய்களில் காம்புப் பக்கம் கரும்பச்சையாக இருக்குமே, பார்த்திருப்பீர்கள். பழம் ஒரே சீராகச் சிவக்கட்டும் என்று, அந்தப் பச்சை இல்லாத செடிகளையே ரகம் உருவாக்குவோர் பல்லாண்டுகள் பொறுக்கினார்கள். பச்சையைக் கொடுத்த மரபணுதான் காயில் சர்க்கரை சேரவும் உதவியதாம்! பார்வைக்காக ருசியைக் கோட்டை விட்டாயிற்று.

பொறுக்குவது நமக்கும் புதிதல்ல. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம், தக்காளியின் பங்காளியான மிளகாயில் கே-1, கே-2 ரகங்களைத் தந்தது. கே-2-வின் பெற்றோரில் ஒன்று, நம் சாத்தூர் சம்பா மிளகாய்.