நீரை அடக்கி வைக்காதீங்க
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)

இன்றைக்குத் திருமங்கலம் கிளம்பும்போது நம்மில் எத்தனை பேர் தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறினோம்? கை தூக்க வேண்டாம். வழியில் அவசரம் வந்தால் எங்கே போவது என்ற பயம்தான் காரணம். பூப்பறிக்கப் போனாலும், கம்மாய் வேலைக்குப் போனாலும் இதே கதைதான். இந்தப் பழக்கம் உடம்புக்குள்ளே என்ன செய்யுதுன்னு பார்ப்போம்.

இடுப்புக்கு மேலே, முதுகுப் பக்கம், முதுகெலும்புக்கு இரண்டு புறமும் சிறுநீரகங்கள் இருக்கின்றன. அவரை விதை வடிவம், ஏறக்குறைய மூடிய கை அளவு. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. ஒரு நாளைக்கு ரத்தத்திலிருந்து சுமார் 180 லிட்டர் நீர் அதில் வடிகிறது. பயப்படாதீங்க, உடம்புக்கு வேண்டிய தண்ணீர், உப்பு, சர்க்கரை எல்லாம் திரும்பவும் ரத்தத்துக்கே போய்விடும். கழிவோடு மிஞ்சுகிற ஒன்றரை லிட்டர்தான் சிறுநீர். அது இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாக இறங்கி மூத்திரப்பையில் சேருகிறது. ரத்த அழுத்தத்தைச் சரியாக வைப்பதிலும், புது ரத்தம் ஊறுவதிலும் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு. அது கெட்டவர்களுக்கு ரத்தசோகை வருவது இதனால்தான்.

மூத்திரப்பை 400, 500 மில்லி வரை தாங்கும். பாதி நிறையும்போதே போகணும்னு தோணும். அங்கிருந்து வெளியே வரும் குழாய் ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர், நமக்கு 4 சென்டிமீட்டர்தான். கிருமி சுலபமாக ஏறிவிடும். தண்ணீர் குடித்து, வந்தவுடன் போய்விட்டால் கிருமியும் அடித்துக்கொண்டு போகும். அடக்கினால் உள்ளேயே பெருகும். அப்புறம் எரிச்சல், நீர்க்கடுப்பு. நாம் அதை 'சூடு'ன்னு சொல்லி இளநீரோடு விட்டுவிடுகிறோம். எரிச்சல் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டணும். காய்ச்சல், குளிர், விலாப் பக்கம் வலி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் அன்றைக்கே போகணும். கர்ப்பிணிகள் எரிச்சல் வந்தாலே காட்டிவிட வேண்டும்.

வெயில் வேலையும் சேர்ந்தால் இன்னும் கெடுதல். தமிழ்நாட்டு உப்பளங்களில் 2017 முதல் 2020 வரை 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு மீறிய வெக்கையில் உழைத்தவர்கள். நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. நம்ம ஊர் சித்திரை வெயில் அதற்கு இளைத்ததா என்ன?

சிறுநீர் மஞ்சளாகக் கெட்டியாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். ஏற்கெனவே சிறுநீரக நோய், இருதய நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவுதான் குடிக்கணும். இன்னொன்று, களையெடுத்த உடம்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடுகிற வலி மாத்திரை. தினமும் போட்டால் சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் வலி வரட்டும்னு காத்திருக்காமல், அரசு ஆஸ்பத்திரியில் சிறுநீரில் புரதம் போகுதான்னு பரிசோதித்துக் கொள்ளுங்கள்.

தண்ணீர் குடின்னு சொன்னால் மட்டும் போதாது, போக இடம் வேணும். வேலை நடக்கும் இடத்தில் ஒரு பானைத் தண்ணீரும், நாலு கம்பு நட்டு ஓலை மறைப்பும் கேட்டு, அடுத்த கிராம சபையில் ஒவ்வொரு குழுவும் மனு கொடுக்கணும். எழுத ஆள் இல்லாத குழுக்கள் இன்றைக்கே ஊக்குநரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்க.