நம் தோட்டத்துக் கிழங்கு நம் சட்டிக்கும் வரட்டும்

(மாதர் கூட்டமொன்றில் எமது சுகாதாரப் பிரிவினர் ஆற்றிய உரை)



லயத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தால் போதும், கோவா, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு என்று எதையாவது போடாமல் நம்மாட்கள் இருக்க மாட்டார்கள். கந்தப்பளை, ராகலை, வெலிமடைப் பக்கம் போனால் கிழங்குப் பாத்திதான் கண்ணில் படும். ஆனால் கிழங்கைக் கிண்டியதும் என்ன நடக்கிறது? நல்ல கிழங்கெல்லாம் சாக்கில் ஏறி யாவாரியிடம் போகிறது. முள்ளுக் குத்தினது, பொடிக்கிழங்கு, பச்சை விழுந்தது, இதெல்லாம் வீட்டுக்கு. கிடைத்த காசில் கோதுமை மா வாங்கி, ரொட்டி சுட்டு, சாயத் தண்ணியோடு பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். 2022ஆம் ஆண்டில் மா விலை எகிறியபோது பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

விற்க வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. காசும் வேணும்தானே. யாவாரி வருவதற்கு முன்னாலேயே நல்ல கிழங்கில் ஒரு பங்கை வீட்டுக்கென்று ஒதுக்கி வையுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

"கெழங்குல என்னா சத்து இருக்கு, வெறும் மாவுதானே" என்று சிலர் சொல்லுவாங்க. அப்படியில்லை. தோலோடு அவித்த 100 கிராம் கிழங்கில் சுமார் 2 கிராம் புரதமும் 13 மில்லிகிராம் விற்றமின் சி-யும் உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள இந்த விற்றமின் சி துணை செய்கிறது. நம் பெண்கள் பலருக்கு இரத்தம் குறைவு. மலையேறிக் கொழுந்தெடுக்கும்போது மூச்சு வாங்குவதற்கும், கை கால் சோர்வதற்கும் அது ஒரு காரணம். ஆகவே கிழங்கைத் தனியாகச் சமைக்காமல் கீரையோடும் பருப்போடும் சேர்க்கப் பழகுவோம். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடைப்படும். அதைச் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

இனி, சமைக்கும் முறைகளைப் பார்ப்போம்.

தோலோடு அவித்தல்: புதுக்கிழங்கின் தோல் மெல்லியது. சீவ வேண்டாம். மண் போகக் கழுவி, வெட்டாமல் முழுதாக, மூழ்கும் அளவு தண்ணீரில் உப்புப் போட்டு அவியுங்கள். வெட்டி அவித்தால் சத்து தண்ணீரோடு போய்விடும். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் கீழ்நாட்டை விட அவிய நேரம் எடுக்கும். மூடி போட்டு அவித்தால் விறகு மிச்சம். சூட்டோடு தேங்காய்ச் சம்பலோ, வெங்காயமும் மிளகாயும் இடித்து தேசிக்காய் பிழிந்த கட்டச் சம்பலோ இருந்தால் காலைச் சாப்பாடு முடிந்தது.

கிழங்குக் கீரை வறை: கடுகு, வெங்காயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அவித்த கிழங்கைத் துண்டாக்கிப் போட்டுப் பிரட்டுங்கள். பிறகு பொன்னாங்காணி அல்லது முள்ளங்கி இலையைப் பொடியாக நறுக்கிப் போட்டு, ஐந்து நிமிடத்தில் இறக்குங்கள். முள்ளங்கியைப் பிடுங்கி இலையை எறிகிறவர்கள் இதைச் செய்து பாருங்கள். இரண்டு பிடி நெத்தலிக் கருவாட்டைப் பொரித்துக் கலந்தால் சின்னப் பிள்ளைகளும் தட்டைத் தள்ள மாட்டார்கள்.

பால்கறி: வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், கொஞ்சம் வெந்தயம், கறிவேப்பிலை, ரம்பை எல்லாவற்றையும் கிழங்கோடு இரண்டாம் பாலில் வேகவிட்டு, கடைசியில் முதற்பாலை ஊற்றி ஒரு கொதியில் இறக்கவும். தேங்காய் விலை கூடிய நாளில் ஒரு பிடி மைசூர்ப் பருப்பைக் கிழங்கோடு அவித்துக் கடைந்தால் பால் குறைவாகவே போதும், புரதமும் சேரும்.

கிழங்கு ரொட்டி: நன்றாக மசித்த கிழங்கு ஒரு கோப்பை, மா ஒன்றரைக் கோப்பை, உப்பு, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய். கிழங்கிலேயே ஈரம் இருப்பதால் தண்ணீரைப் பார்த்துத் தெளியுங்கள். சாதாரண ரொட்டி மலைக்குக் கொண்டுபோனால் பகலாகும்போது தோல் மாதிரி ஆகிவிடும். இது பதமாக இருக்கும். மாவும் மிச்சம்.

கைக்குழந்தைக்கு: ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குக் கிழங்கையும் பருப்பையும் குழைய அவித்து, கீரை கொஞ்சம் சேர்த்து, உப்பில்லாமல் மசித்து, ஒரு கரண்டி தேங்காய்ப் பாலோடு ஊட்டலாம். தாய்ப்பாலையும் விடாமல் கொடுக்க வேண்டும்.

சோற்றோடு கிழங்குக் கறியை மலையாகக் குவிப்பது நல்லதல்ல. இரண்டும் மாச்சத்துத்தான். சீனி வருத்தம் உள்ளவர்கள் கிழங்கு சாப்பிடும் நேரம் சோற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

முக்கியமான ஒரு விசயம். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கிலும் முளையிலும் நஞ்சு உண்டு. அவித்தாலும் பொரித்தாலும் அது போகாது. வயிற்றுவலி, வாந்தி வரும். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் ஆபத்து. கொஞ்சம் பச்சை என்றால் ஆழமாக வெட்டி எறியுங்கள். நிறையப் பச்சை, கசப்பு என்றால் கிழங்கையே எறியுங்கள். "வீணாப் போகுதே" என்று அதை வீட்டுச் சட்டியில் போடாதீர்கள். பாத்தியில் மண் அணைத்து வைத்தால் பச்சை விழுவது குறையும். கிண்டிய கிழங்கைக் கழுவாமல் சாக்கில், இருட்டான, காற்றுப்படும் மூலையில் வையுங்கள். செடி காய்ந்த பிறகு இரண்டு வாரம் மண்ணிலேயே விட்டுக் கிண்டினால் தோல் தடித்து, நாள்பட இருக்கும். இளங்கிழங்கை உடனே சமைத்துவிடுங்கள். மருந்தடித்த பாத்தியென்றால், போத்தலில் போட்டிருக்கும் நாட்கணக்கு முடியும்வரை கிண்டக் கூடாது.

கடைசியாக வீட்டிலுள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லோருக்கும் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிடுகிறவள் அநேகமாகத் தாய்தான். கொழுந்துக் கூடையைச் சுமக்கிறவளும் அவள்தான். கிழங்கு கிண்டுகிற நாளில் அவளுக்குரிய பங்கும் முதலிலேயே தட்டில் விழட்டும். பாத்தி கொத்தினது எல்லோருடைய கையும்தானே. சாப்பாடும் எல்லோருக்கும் சரிசமமாகப் போகட்டும்.