நிலக்கோட்டையின் சரித்திரம் யாருடையது?



நிலக்கோட்டையின் சரித்திரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச முன்வந்திருக்கிறோம். ஊரின் சரித்திரம் என்றவுடன் நம்மில் பலருக்கு என்ன ஞாபகம் வருகிறது? கோட்டை, பாளையக்காரர், கோயில் திருவிழா, இவைதான். ஊர் என்பது இவ்வளவுதானா என்பதே நமது கேள்வி.

மதுரை நாயக்கர் ஆட்சியில் ஏற்பட்ட பாளையங்களில் நிலக்கோட்டையும் ஒன்று. அதை ஆண்ட நாகம கூளப்ப நாயக்கர் பேரில் 18-ஆம் நூற்றாண்டில் சுப்ரதீபக் கவிராயர் ஒரு விறலிவிடு தூது பாடினார். அதன் விஷயம் என்ன? மனைவியை விட்டுத் தாசி வீடு போனவன் பொருளையெல்லாம் இழந்து, பிறகு விறலியைத் தூதுவிட்டு மனைவியிடம் சமாதானம் பேசுகிற கதை. நடுநடுவே வள்ளலின் கொடைச் சிறப்பு. கவிராயரின் தமிழைப் பற்றி நமக்குக் குறையில்லை. ஆனால் அந்தக் கொடைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? உழுதவன் களத்தில் அளந்த தானியத்திலிருந்தல்லவா வந்தது? வாங்கினவர் பாடினார், கொடுத்தவர் புகழப்பட்டார், விளைவித்தவன் பெயர் மட்டும் ஏட்டில் இல்லை!

1792-இல் திண்டுக்கல் சீமை திப்புவிடமிருந்து கும்பெனியாருக்கு வந்தது. பாளையக்காரர் அதிகாரம் போயிற்று. ஆனால் ஊர்க்காவல் என்னும் வழக்கம் போகவில்லை. காவலுக்கென்று குடிகள் கூலி கொடுத்துவந்தார்கள். மாடு களவு போனால், அதை மீட்டுத்தரத் துப்புக்கூலி என்று தனியாகவும் கொடுக்க வேண்டும். குடியானவர்களுக்கு இது பெரும் தொல்லையாயிருந்தது என்பதில் சந்தேகமில்லை.

இதை எதிர்த்து 1896-இல் திண்டுக்கல் வட்டாரத்தில் அம்மையப்பக் கோனார் என்பவர் முன்னின்று ஒரு கிளர்ச்சி நடந்தது. குடிகள் சேர்ந்து பணம் திரட்டித் தாங்களே காவல் வைத்துக்கொண்டார்கள். அந்த நிதிக்குப் 'பண்டு' என்று பெயர். ஊரார் கூடித் தங்களைத் தாங்களே காத்துக்கொள்வது நல்ல காரியமே. ஆனால் அது அத்துடன் நின்றதா? கள்ளர் குடும்பங்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டன, வீடுகள் கொளுத்தப்பட்டன. களவு செய்தவன் யார் என்று கேட்பதை விட்டு, இன்ன ஜாதியில் பிறந்தவன் யார் என்று கேட்டார்கள்.

ஊரார் செய்த இந்தத் தவற்றைச் சர்க்கார் சட்டமாகவே செய்தது. 1911-ஆம் வருஷத்துக் குற்றப்பரம்பரைச் சட்டம் 1914-இல் கீழக்குயில்குடியில் தொடங்கி, சில ஆண்டுகளில் மதுரை ஜில்லாவின் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதின்மேலும் விழுந்தது. ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஒரு குற்றமும் செய்யாதவன் கைரேகை கொடுக்க வேண்டும். இரவில் சாவடியில் வந்து படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீசார் சுட்டதில் பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அவர்களில் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அச்சட்டம் ஒழிந்தது.

தோழர்களே! பிறக்கும்போதே ஒருவன் திருடன் என்பதும், பிறக்கும்போதே ஒருவன் உயர்ந்தவன் என்பதும் ஒரே மூடநம்பிக்கையின் இரண்டு முகங்கள் அல்லவா? முன்னதை அநியாயம் என்று கண்டிக்கிறவர்கள், பின்னதைத் தங்கள் தெருவில் மட்டும் வைத்துக்கொள்ளலாமா? ரேகைச் சட்டத்தால் துன்பப்பட்ட சமூகத்துக்கும் இந்தக் கேள்வி உண்டு. நேற்று நம்மைத் தாழ்த்தியதை இன்று இன்னொருவர்மேல் சுமத்துகிறோமா என்று அவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி இன்றைய நிலக்கோட்டையைப் பாருங்கள். ஊருக்குப் பெயர் தருவது கோட்டையல்ல, பூச்சந்தை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி நமது காடுகளிலும் விளைகிறது. மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டுமாதலால், விடிவதற்கு முன்பே பெண்கள் தோட்டத்தில் குனிந்து நிற்கிறார்கள். மார்கழி, தை மாதங்களில் விலை ஏறும், அப்போது செடியில் பூ இராது. கோடையில் பூ குவியும், அப்போது விலை இராது. முன்பணம் வாங்கிய குடியானவன் கமிஷன் கடைக்காரர் சொன்ன விலைக்கே போட வேண்டியிருக்கிறது. தராசு பறித்த கையின் ஜாதியைக் கேட்பதில்லை. சந்தையை விட்டுத் தெருவுக்குத் திரும்பியதும் மனிதன்தான் கேட்கிறான்!

1957-இல் இத்தொகுதியிலிருந்து ஏ. எஸ். பொன்னம்மாள் சட்டசபைக்குப் போனார். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த அந்த அம்மையார் பிற்காலத்திலும் இங்கிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். இது யாருடைய தயாளத்தாலும் வந்ததன்று. இட ஒதுக்கீடு என்னும் உரிமையால் வந்தது. சட்டசபையில் நமக்காகப் பேசுவதற்குத் தகுந்தவர், ஊர்ப் பொதுக்காரியத்தில் நமது பக்கத்தில் உட்காருவதற்குத் தகாதவர் என்றால் அதில் அறிவுண்டா, மானமுண்டா?

ஆகவே வாலிபர்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறோம். இந்த ஊரின் சரித்திரத்தை நீங்கள் எழுதுங்கள். சாவடியில் படுத்தவர்களைப் பற்றிப் பேரன்மாரிடம் கேளுங்கள். பூப்பறிக்கும் கூலி அன்றெவ்வளவு, இன்றெவ்வளவு என்று கிழவிகளிடம் கேளுங்கள். எந்தக் கிணறு எந்தத் தெருவாருக்கு மறுக்கப்பட்டது, எந்த வருஷம் திறந்தது, சுடுகாட்டுக்கு யாருக்கு வழியில்லை என்று எல்லாத் தெருவிலும் கேட்டு எழுதுங்கள். பெருமையை மட்டும் எழுதாதீர்கள், வெட்கத்தையும் எழுதுங்கள். எல்லாத் தெருவும் இடம்பெற்ற பிறகுதான் அது நிலக்கோட்டையின் சரித்திரமாகும் என்று கூறி, இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.