மனநோயைச் சரியாக இனங்காணல்



இனிப்புநீர் நோய் இருக்கிறதா என்பதை ஒரு சொட்டு இரத்தம் சில நொடிகளில் கூறிவிடுகிறது. எலும்பு முறிந்ததை எக்ஸ்ரே காட்டிவிடுகிறது. மனச்சோர்வையோ மனச்சிதைவையோ உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனையோ படமோ இன்றுவரை இல்லை. நோயாளி கூறுவதும், உடன் வந்தோர் கூறுவதும், மருத்துவர் கண்ணால் காண்பதுமே அங்கே சான்றுகள். சான்று பிழைபட்டால் முடிவும் பிழைபடும். முடிவு பிழைபட்டால் மருந்தும் பிழைபடும்.

1960ஆம் ஆண்டுகளில் நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு நோயாளிகள் என்று பதியப்பட்டோர் லண்டனைவிட மிக அதிகமாக இருந்தனர். அமெரிக்கர்களுக்கு அந்நோய் கூடுதலாக வருகிறதா என்ற ஐயம் எழுந்தது. இரு நகரங்களிலும் ஒரே குழுவினர், ஒரே வகையான கேள்விகளைக் கேட்டுப் பரிசோதித்தபோது அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோயிற்று. ஆய்வின் முடிவு 1972இல் நூலாக வெளிவந்தது. வேறுபட்டிருந்தது நோயன்று, மருத்துவர்களின் பழக்கமே. அதன் பின்னர்தான், இன்னின்ன அறிகுறிகள் இத்தனை நாள் நீடித்தால் இன்ன நோய் என்று வரையறுக்கும் முறை வலுப்பெற்றது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் அவ்வாறு ஒரு கையேட்டை வெளியிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் நோய் வகைப்பாடு 2022 சனவரி முதல் நடப்பில் உள்ளது.

வரையறை இருந்தும் தவறு நிகழ்வதுண்டு. இருமுனை மனநோய் அதற்குத் தக்க சான்று. அந்நோயாளி ஒரு காலத்தில் துவண்டு கிடப்பார். வேறொரு காலத்தில் உறக்கமே வேண்டாதவராய், ஓயாது பேசி, கைக்கு மீறிச் செலவழிப்பார். மருத்துவரை நாடுவதோ பெரும்பாலும் துவண்டிருக்கும் வேளையில். முந்தைய எழுச்சியைப் பற்றி மருத்துவர் கேளாமலும் குடும்பத்தினர் சொல்லாமலும் விட்டால், வெறும் மனச்சோர்வு என்று முடிவாகிவிடும். மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு அந்த எழுச்சி மீண்டும் கிளர்ந்தெழக்கூடும். கடன் வாங்கிச் செலவழித்த கதையைக் குடும்ப மானம் கருதி நம்மவர் மறைப்பது வழக்கம். மருத்துவருக்கு வேண்டியதோ அந்தக் கதைதான்.

உடல்நோய் மனநோயின் வேடத்தில் வருவதும் உண்டு. தைராய்டு சுரப்பி மந்தமானால் சோர்வும் மறதியும். மிகையானால் படபடப்பும் உறக்கமின்மையும். நேற்றுவரை தெளிவாக இருந்த முதியவர் இன்று திடீரெனப் பிதற்றினால், சிறுநீர்த் தொற்றுகூடக் காரணமாக இருக்கலாம். மூட்டுவலிக்கென்று விற்கப்படும் பாரம்பரிய மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது; ஸ்டீராய்டு உறக்கத்தையும் மனநிலையையும் குலைக்க வல்லது. 2007இல் ஜோசப் டால்மாவ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் விளக்கிய மூளை அழற்சியோ இன்னும் வியப்பானது. உடலின் எதிர்ப்பாற்றலே மூளையைத் தாக்குவதால், நல்ல நிலையிலிருந்த இளம் பெண் சில நாள்களில் இல்லாததைக் காண்பாள், பிதற்றுவாள், பின்பு வலிப்பும் வரும். நம் ஊரில் பேய் பிடித்ததென்பர். வேறோர் ஊரில் மனச்சிதைவு என்பர். உரிய சிகிச்சை விரைவில் கிடைத்தால் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர்.

ஆலயத்தில் பேசும்போது மருளைப் பற்றிக் கூறாமல் விடலாகாது. தைப்பூசக் காவடியிலும் அம்மன் திருவிழாவிலும் அருள் வந்து ஆடுவோர் மனநோயாளிகளோ எனச் சிலர் வினவுகின்றனர். அல்லர். சமூகமும் சமயமும் ஏற்றுக்கொண்ட சடங்கில் வரும் அத்தகைய நிலையை நோயாகக் கொள்ளக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடே கூறுகின்றது. சடங்கிற்கு வெளியே, வீட்டிலும் வேலையிடத்திலும், விரும்பாமலே அது அடிக்கடி வந்து, துன்பத்தையும் முடக்கத்தையும் தருமாயின் அது மருத்துவர் ஆராய வேண்டியது. இந்த வேறுபாட்டை அனுபவமிக்க பூசாரிகள் பலர் நன்கறிவர். திருநீறு இட்டு, "கிளினிக்கிற்கும் அழைத்துச் செல்லுங்கள்" என்று கூறும் பூசாரி செய்வது பெருந்தொண்டு.

மொழிச் சிக்கல் இன்னொன்று. தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பாட்டிக்குத் தமிழே தெரியும், மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்பார், பேரப்பிள்ளை மொழிபெயர்ப்பான். "உயிரோடு இருக்கவே பிடிக்கலை" என்று பாட்டி கூறுவதைச் சொல்லக் கூசி, "கொஞ்சம் கவலையாக இருக்கிறார்" என்று முடித்துவிடுவான். அச்சொல் மாறியதில் நோயின் கடுமையே மறைந்துவிடுகின்றது. பேரன்முன் பாட்டியும் பலவற்றைக் கூறமாட்டார். தமிழ் தெரிந்த தாதியோ மருத்துவரோ உள்ளாரா என்று கேட்பதில் வெட்கமில்லை. தற்கொலை முயற்சியைக் கூறினால் காவல்துறை வருமோ என்று முன்னாளில் அஞ்சினர். அம்முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டப்பிரிவு சிங்கப்பூரில் 2020இலும் மலேசியாவில் 2023இலும் நீக்கப்பட்டுவிட்டது.

தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே கேலியாகப் பேசும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. 1911இல் தொடங்கிய அம்மருத்துவமனை இன்று உலு கிந்தா பகாகியா மருத்துவமனை என்று வழங்குகிறது. ஆயினும் முதலில் அங்கே செல்ல வேண்டுவதில்லை. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கே போதும், தேவையானால் அவர்களே கடிதம் தந்து அனுப்புவர். செல்லும்போது, அறிகுறி எப்போது தொடங்கியது, உறக்கமும் உணவும் எப்படி மாறின, குடும்பத்தில் வேறெவருக்கேனும் இருந்ததா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், சந்தையில் வாங்கிய மூட்டுவலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.