கடலில் விளையும் பயிர்

 

மரம் நடுவது ஸதகா என்பதை அறியாதவர் நம்மில் இல்லை. கல்வராயன் மலைக் காட்டைக் காணும்போது, நாம் சுவாசிக்கும் காற்றுக்கு இத்தகைய பசுமையே காரணம் என எண்ணுகிறோம். அது பாதி உண்மையே. பூமியில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி கடலில் நிகழ்கிறது.

நம் கோமுகியும் மணிமுத்தாறும் வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அங்கேதான் உள்ளது. கரை மறையும் தொலைவுக்குச் சென்றால் நீர் தெளிந்து நீலமாய்த் தோன்றும். வெறும் நீர் என்று நாம் கருதும் அத்தகைய ஆழ்கடல் நீரின் ஒரு துளியில் ஆயிரக்கணக்கான பாக்டீரியாக்கள் வெயிலை அறுவடை செய்கின்றன. அவற்றுள் ஒன்று புரோகுளோரோகாக்கஸ். நூற்றுக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக வைத்தால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும்! 1988-இல்தான் இப்படியோர் உயிர் இருப்பது உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

சூரிய ஒளியின் சிவப்பைக் கடல்நீர் மேலேயே விழுங்கிவிடும். ஆழத்திற்கு இறங்குவது பெரும்பாலும் நீலமே. ஆகவே இவ்வுயிருக்கு அருளப்பட்ட பச்சையம் நம் வேப்பிலையில் உள்ளதினின்று சற்றே மாறுபட்டு, நீல ஒளியைப் பற்றுவதற்கென அமைந்துள்ளது. அதன் உறவான சினெக்கோகாக்கஸின் வழி வேறு. அதன் உடலில் நிறப்புரதங்கள் கொத்துக் கொத்தாக அடுக்கப்பட்டுள்ளன. வெளியே உள்ள சிவப்புப் புரதம் ஒளியைப் பிடித்து நீலப் புரதத்திற்குத் தர, அது உள்ளே பச்சையத்திடம் சேர்க்கிறது. மேல்வயல் நிறைந்ததும் கீழ்வயலுக்கு மடை திறப்பது போல! நம் வாய்க்காலிலோ வழியிலேயே எவ்வளவு நீரை மண் குடித்துவிடுகிறது! இங்கு இழப்பு மிகச் சொற்பம். நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்குள் காரியம் முடிந்துவிடுகிறது. அந்த ஆற்றலால் நீர் பிளக்கப்பட்டு ஆக்சிஜன் வெளிவருகிறது.

சகோதரர்களே! இந்தப் பயிருக்கும் வாட்டம் உண்டு. பசிபிக் கடலில் பல கப்பல் பயணங்களில் திரட்டிய அளவீடுகளைக் கொண்டு 2025-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நீரின் வெப்பம் ஏறத்தாழ 28 டிகிரியைக் கடந்தால் புரோகுளோரோகாக்கஸ் பெருகும் வேகம் சடுதியில் சரிகிறது என்கிறது அது. நமது வங்கக் கடலின் மேற்பரப்போ ஆண்டின் பல மாதங்கள் 28 முதல் 30 டிகிரியில் இருக்கிறது.

கள்ளக்குறிச்சிக்குக் கடற்கரை இல்லையே, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். நாம் எரிக்கும் எண்ணெயும் நிலக்கரியும் எழுப்பும் புகையால் பூமியில் தேங்கும் கூடுதல் வெப்பத்தில், பத்தில் ஒன்பது பங்கைக் கடல்தான் சுமந்துகொண்டிருக்கிறது.