சோகையின் படிகள்

(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் வீடுகளிலே, "எந்நேரமும் சோம்பல்" என்று கடிந்துகொள்ளப்படும் பெண்பிள்ளைகள் பலர் உளர். அச்சோம்பல் சிலரிடத்துக் குணத்தின் குறையன்று, குருதியின் குறை. சோகை என்றும் பாண்டு என்றும் நம் முன்னோர் வழங்கிய அந்நோய் எவ்வாறு வளர்கின்றது என்பதை இன்று நாம் சிந்திப்போம்.

சோகைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது இரும்புச்சத்துக் குறைவு. வளர்ந்த ஒருவரின் உடம்பிலுள்ள இரும்பு ஏறத்தாழ 3 அல்லது 4 கிராம் மாத்திரமே. அதிற் பெரும்பகுதி குருதிக்குச் செந்நிறம் தரும் ஈமோகுளோபினில் உளது; ஒரு பகுதி ஈரல் முதலிய இடங்களிற் சேமிப்பாக இருக்கின்றது.

வீட்டின் நெற்களஞ்சியத்தை எண்ணிப் பாருங்கள். வரவு குறைந்தவுடன் அடுப்பு அணைந்துவிடுவதில்லை. களஞ்சியம் வற்றத் தொடங்கினும் உலை கொதித்துக்கொண்டே இருக்கும். சோகையின் முதற்படியும் அத்தகையதே. சேமிப்புக் குறையும், ஈமோகுளோபின் குறையாது. இரண்டாம் படியில், குருதியை ஆக்கும் என்பு மச்சைக்கு வேண்டிய இரும்பு கிட்டாது. செங்குழியத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஆதலின் பழையன மறைந்து, குறையுள்ள புதியன நிறையச் சில காலம் செல்லும். மூன்றாம் படியிலேதான் ஈமோகுளோபின் குறைந்து சோகை வெளிப்படுகின்றது.

அதன் கடுமைக்கும் அளவுண்டு. கருவுறாத பெண்ணொருத்தியின் ஒரு டெசிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை என உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. 11 வரை இலேசானது; அதற்குக் கீழே 8 வரை நடுத்தரமானது; 8க்கும் குறைந்தால் கடுமையானது. ஆண்களுக்கு எல்லை 13 ஆகும்.

இங்கே நாம் கருத்தூன்ற வேண்டியது ஒன்றுண்டு. குறைவு மெல்ல மெல்ல வருமிடத்து உடம்பு அதற்குப் பழகிவிடுகின்றது. நடுத்தரச் சோகையுள்ள தாயொருத்தி வீட்டு வேலை முழுவதையும் செய்துவிட்டு, "எனக்கொன்றுமில்லை" என்பாள். ஆகவே, உணர்வு ஒருபோதும் அளவுகோலாகாது. படியேறும்போது இளைப்பு, நெஞ்சுப் படபடப்பு, பச்சை அரிசியோ மண்ணோ தின்னும் ஆசை முதலியன தோன்றுமுன்னரே களஞ்சியம் வற்றியிருத்தல் கூடும். கடுமையான நிலையில் இதயம் களைத்துத் தளர்ந்துவிடும். பிரசவத்தில் நேரும் குருதிப்போக்கும் உயிருக்கு இறுதியாகலாம்.

இலையுணவும் பருப்பும் உண்டு, தேசிக்காய்ச் சாறு சேர்த்து, தேநீரை உணவு வேளைக்கு அப்பால் அருந்தினால் இரும்பு நன்கு உடம்பிற் சேரும். சைவ உணவைக் கைவிட வேண்டுவதில்லை. ஆயினும் சோகை கண்டபின் உணவு மாத்திரம் போதாது. மாத்திரையால் ஈமோகுளோபின் சில கிழமைகளிலே உயரத் தொடங்கும். அது சீரடைந்த பின்னரும் ஏறத்தாழ 3 மாதம் உட்கொண்டால்தான் களஞ்சியம் நிறையும். களைப்பு நீங்கியதும் நிறுத்துவோர் மீண்டும் முதற்படியிலேயே நிற்கின்றனர்.

எனினும் எல்லாச் சோகைக்கும் இரும்பு மருந்தன்று. கொழுக்கிப்புழு இருப்பின் அதனை அகற்றுதல் வேண்டும். தலசீமியா பரம்பரையாக வருவது, இரும்பினாலே தீராது. முதியவருக்குச் சோகை கண்டால், "வயதின் தளர்ச்சி" என்று விட்டுவிடலாகாது; குடலிலே மறைவான குருதிக் கசிவு இருத்தல் கூடும். ஆதலின், வைத்தியரிடம் சென்று காரணத்தை அறிதல் அவசியம்.

அன்பர்களே! உடம்பை இறைவன் உறையும் கோயிலாகக் கண்டவர் திருமூலர். எல்லோர்க்கும் பரிமாறியபின் எஞ்சியதை உண்ணும் தாயின் உடம்பும் அக்கோயிலே அன்றோ? அன்னதானத்திற் பந்தி பரிமாறும் இளைஞராகிய நாம், நம் அடுக்களையில் அன்னைக்கும் சகோதரிக்கும் முதலிற் பரிமாறுவோம். களைத்தவளைக் கடியாமல், குருதியைச் சோதிக்க அழைத்துச் செல்வோம். இதுவே இவ்வாண்டில் நம் மன்றத்தார் ஏற்கத்தக்க விரதம் என்று கூறி அமைகின்றோம்.